உச்சிப்பக்கத்துக் கையெழுத்து

வீடு, சமையலறை
மார்ச் 3, ஞாயிறு

என் ஒட்டடைக்குச்சிக்கு,

கட்டெறும்பு எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். உங்களை மூன்று மாதம் வெளியூர் முகாமுக்கு அனுப்பினார்களே, அப்போது வாரம் தவறாமல் கடிதம் போட்டீர்கள். நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. "உன் கையை என்ன வாடகைக்கா விட்டிருக்கே?" என்று திரும்பி வந்து கேட்டீர்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்குக் கடிதம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு எங்கே புரியும்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஷூ லேஸ் கட்டக் குனிந்த மனுஷன் நிமிரவே இல்லை. டாக்டர் இதயம் என்றார். அந்த ஷூ இன்னும் வாசலில்தான் இருக்கிறது. மகள் எடுத்து உள்ளே வைக்கப் போனாள், கையில் ஒரு அடி போட்டேன். சரி, அழுவதற்காக நான் இதை எழுதவில்லை. வயிற்றெரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வருகிற மாதிரி ஒரு விஷயம் நடந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் யார் இருக்கிறார்கள்?

மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். பஸ் ஓட்டி ஓட்டி, சாப்பாட்டுத் தட்டைக்கூட ஸ்டீயரிங் மாதிரிதான் பிடிக்கிறாள். நேற்று திடீரென்று கேட்டாள். "ஏம்மா, அப்பா பாராசூட் மடிச்சார், சரி. நீ அங்க என்னதான் செய்யறே?"

இருபத்தாறு வருஷம் அவளுக்குச் சோறு போட்ட வேலை, பெற்ற மகளுக்கே தெரியவில்லை பாருங்கள். உட்கார வைத்துச் சொன்னேன். பன்னிரண்டு மீட்டர் மேஜை. அந்தக் கோடியில் மடித்ததை அடைக்கிற பை இருக்கும், அது பைப்பக்கம், அங்கே அப்பா. இந்தக் கோடி உச்சிப்பக்கம், இங்கே நான். நடுவில் குடை. பட்டறையில் யாரும் பாராசூட் என்று சொல்ல மாட்டோம், குடைதான். இருபத்தெட்டுத் துண்டு, இருபத்தெட்டுக் கயிறு. நான் உச்சியைப் பிடித்து இழுத்தால்தான் கயிறெல்லாம் நேராகும். அவர் ஒவ்வொரு துண்டாகப் புரட்டப் புரட்ட நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். தப்பாக விட்டால் கயிறு பின்னிக்கொள்ளும். பின்னிய குடை விரியாது, குதித்தவன் கதை அதோடு முடிந்தது. எல்லாம் மடித்து முடித்ததும் பையின் சின்னப் பாக்கெட்டில் ஒரு அட்டை போகும். அதில் 'மடித்தவர்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் அப்பா கையெழுத்து.

"உன் கையெழுத்து?"

"கோடு ஒண்ணுதானேடி இருக்கு!"

அந்த ஒற்றைக் கோடுதான் இப்போது எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. போன மாதம் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஸ்டோரில் உட்கார்ந்து பழைய அட்டைகளைப் புரட்டினார். கூடத்துக்கு வந்து அரை மணி நேரம் நின்று பார்த்தார். ஒரு டீ குடித்தார். போய் எழுதிவிட்டார்: மடிப்புக் கூடத்தில் நாற்பத்து நான்கு பேர் இருக்கிறார்கள், அட்டைகளில் இருபத்திரண்டு பேர் கையெழுத்துதான் இருக்கிறது, மீதி இருபத்திரண்டு பேர் மேஜை ஓரத்தில் சும்மா நிற்கிறார்கள், அவர்களை வரும் நிதியாண்டு முதல் நிறுத்திவிடலாம்.

உச்சிப்பக்கம் நிற்கிற இருபத்திரண்டு பேரும் பெண்கள். நாலாம் மேஜை ரேடியோ இதை கேன்டீனில் சத்தமாகப் படித்தாள். அவள் ஊரெல்லாம் ஒலிபரப்புகிறவள் என்று உங்களுக்குத் தெரியுமே, பேர் வைத்ததே நீங்கள்தான். படித்து முடித்துவிட்டு, "சும்மா நிக்கறதுக்கே எனக்குத் தோள்பட்டை இறங்கிப் போச்சுடி, வேலை வேற செஞ்சிருந்தா என்ன ஆயிருப்பேன்?" என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ஒவ்வொருவராக டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு மேஜைக்குப் போனோம்.

ஆனால் அமைச்சகம் எழுதினால் மட்டும் போதாதாம், மகள் விசாரித்துச் சொன்னாள். பாதுகாப்புச் செலவைக் கிண்டிக் கிளறிப் பார்க்க நாடாளுமன்றத்தில் ஒரு குழு இருக்கிறதாம். எல்லாக் கட்சிக்காரர்களும் அதில் உண்டாம். இதை ஏன் வாங்கினாய், அதை ஏன் நிறுத்தினாய் என்று ஒவ்வொரு வரியாகக் கேட்பார்களாம், அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டுமாம். "நம்ம வீட்ல நான் அப்பாவைக் கேக்கற மாதிரி" என்றேன். மகள் சோறு புரையேறச் சிரித்தாள்.

உங்கள் இடத்தில் ஸ்டோர்க்காரரைப் போட்டிருக்கிறார்கள். நல்ல மனுஷர். ஆனால் தும்முகிறார். ஒவ்வொரு தும்மலுக்கும் இருபத்தெட்டுக் கயிறும் குதிக்கிறது.

அன்புடன்,
உங்கள் கட்டெறும்பு


வீடு
மார்ச் 19, செவ்வாய்

என் ஒட்டடைக்குச்சிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறேன், கேட்காதீர்கள். மனசு மட்டும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

குழுவுக்கு நாங்கள் ஒரு மனு போட்டோம். மகள் எழுதினாள், இருபத்திரண்டு பேரும் அடியில் கையெழுத்துப் போட்டோம். சம்பளப் பதிவேட்டைத் தவிர எங்கள் கையெழுத்து ஒரு காகிதத்தில் விழுந்தது அதுதான் முதல் தடவை. இப்போது பதில் வந்திருக்கிறது. ஏப்ரல் பத்தாம் தேதி விசாரணை, முடிவு வரும்வரை யாரையும் நிறுத்த மாட்டார்கள், உச்சிப்பக்கத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும், ஒரு குடையும் கொண்டு வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

"நீதான் போகணும். எல்லாரையும்விடப் பழைய ஆள் நீதான்" என்றாள் ரேடியோ.

"வாய் உனக்குத்தானே இருக்கு, நீ போ."

"என் வாய்க்கு ஆரம்பம் தெரியும், முடிவு தெரியாது. நாடாளுமன்றத்தை ராத்திரி பூரா உக்கார வச்சுடுவேன். நீ போடி."

சரி என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு விட்டார். கதவைச் சாத்தினார். மிரட்டவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "அங்க போனா எல்லாத்தையும் கேப்பாங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்குக் கடைசி ரெண்டு வருஷம் கண்ணு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். முப்பத்தொரு வருஷம் ஒரு குறை சொல்ல முடியாத மனுஷன். அவர் பேரு கெட்டுடக் கூடாது. யோசிச்சுக்குங்க."

அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

மங்கல்தான் என்றீர்கள். கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்றீர்கள். டாக்டரிடம் போனால் கூடத்தைவிட்டு ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயந்தீர்கள். நான் உச்சியைக் கட்டிவைத்துவிட்டு மேஜையைச் சுற்றி வருவேன், கயிறெல்லாம் பையின் வளையத்தில் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன், "சரி" என்பேன், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். இரண்டு வருஷம். ஒரு குடையும் தப்பவில்லை. ஆனாலும் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதுதானே விதி.

நான் வாயைத் திறக்காவிட்டால் இருபத்திரண்டு பேருக்கு வேலை போகும். திறந்தால் உங்கள் பேர் போகும். மகளிடம் கேட்டேன். "அப்பா பேரு அவ்வளவு லேசா போயிடுமாம்மா?" என்றாள். பஸ் ஓட்டுகிறவளுக்கு எல்லாமே நேர் ரோடு.

அன்புடன்,
உங்கள் கட்டெறும்பு


ரயில், ஜன்னலோரம்
ஏப்ரல் 11, வியாழன்

என் ஒட்டடைக்குச்சிக்கு,

வண்டி ஆடுகிறது, எழுத்தும் ஆடும். பொறுத்துக்கொள்ளுங்கள். எதிர் சீட்டில் மகள் வாயைப் பிளந்து தூங்குகிறாள், உங்களை மாதிரியே.

உங்களை நேற்றுப் பார்த்தேன்.

பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன். பெரிய அறை. லாடம் மாதிரி வளைந்த மேஜை. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் கிளாஸ். நடுவில் குழுத் தலைவி அம்மா, நரைத்த முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்குப் பக்கத்தில் ஒரு மீசைக்காரர், முன்னாள் ராணுவ அதிகாரியாம், இப்போது எம்.பி. எதிரே அமைச்சகத்தின் செயலாளர், அவருக்குப் பின்னால் ஃபைல் தூக்க நாலு பேர். என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் தரைக்கு எட்டவில்லை.

தலைவி அம்மா செயலாளரைப் பார்த்து ஆரம்பித்தார். "நாப்பத்தி ஏழாம் பக்கத்துல ஆயிரத்து இருநூறு புதுப் பாராசூட் கேக்கறீங்க. ஐம்பத்தி மூணாம் பக்கத்துல மடிக்கிறவங்கள்ல பாதிப் பேரை அனுப்பறீங்க. அதிகமா வாங்கி, அப்படியே பெட்டியில வச்சிருக்கப் போறீங்களா?"

செயலாளர் கோபப்படவில்லை. "ஒரு பாராசூட்டை ஒருத்தரே மடிச்சிடலாம், மேடம். எங்க பயிற்சிப் படம் இருக்கு, பாருங்க" என்றார்.

விளக்கை அணைத்தார்கள். சுவரில் நீங்கள்.

நீல மேல்சட்டை, இடது பாக்கெட்டில் அந்தப் பேனா. அஞ்சாம் மேஜை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கேமராக்காரர்கள் வந்தார்களே, அந்தப் படம். சத்தம் கிடையாது. துண்டு துண்டாகப் புரட்டுகிறீர்கள். என்ன அழகு அந்தக் கை! நான் இருக்கிற இடத்தை மறந்து, "தோ பாரு, தோ பாரு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மகள் என் முழங்கையைப் பிடித்தாள். படத்தில் நீங்கள் மட்டும்தான். பைப்பக்கத்தோடு படம் வெட்டுப்பட்டிருந்தது. பன்னிரண்டு மீட்டரில் ரெண்டு மீட்டர்தான் தெரிந்தது.

விளக்குப் போட்டதும், "பாத்தீங்களா, ஒரே ஆள்" என்றார் செயலாளர்.

என்ன தைரியம் வந்ததோ. "இன்னொரு தடவை போடுங்க சார்" என்றேன். போட்டார்கள். எழுந்து சுவர் பக்கம் போனேன். "அவரைப் பாக்காதீங்க. கயிறைப் பாருங்க. அவர் புரட்டும்போதெல்லாம் கயிறு கொஞ்சமா தளருது, உடனே விறைக்குது. அவருக்கு ரெண்டு கைதான், ரெண்டும் துணியில இருக்கு. அப்ப இழுக்கறது யாரு? நான்தான். நான் படத்துக்கு வெளிய நிக்கறேன்."

மீசைக்காரர் முன்னால் சாய்ந்தார். "அந்த இடத்துல நிறுத்துங்க. அவர் கயிறைப் பாக்கவே இல்லையே? விரலால தடவறார். தலையை நிமித்தி உங்க பக்கம்தான் பாக்கறார். ஏன்?"

ராணுவக் கண். தப்பிக்க முடியவில்லை. மேலாளர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. சுவரில் நீங்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தீர்கள், நான் "சரி" சொல்வதற்காகக் காத்துக்கொண்டு. உங்களைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"கடைசி ரெண்டு வருஷம் அவருக்குக் கண்ணு மங்கல், சார். நான் வந்து ஒவ்வொரு கயிறையும் தொட்டுப் பாத்து சரின்னு சொல்வேன். அப்புறம்தான் கையெழுத்துப் போடுவார்."

"அப்ப அது பொய்க் கையெழுத்துத்தானே?"

"இல்லைங்க. அவர் போட்டா அதுல நானும் சேத்திதான். கோடு ஒண்ணுதானே குடுத்தீங்க? பாதி பாதியா போட முடியுமா?"

யாரோ சிரித்தார்கள். மீசைக்காரர் சிரிக்கவில்லை. "நான் எழுபது தடவைக்கு மேல குதிச்சவன். ஒவ்வொரு தடவையும் அட்டையில இருக்கற பேரைப் படிச்சுட்டுத்தான் குதிப்பேன். ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு."

"இன்னொரு ஆளும் அந்த மடிப்புலதான் இருந்தா சார். எழுதலை, அவ்வளவுதான்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார். தலைவி அம்மா கேட்டார், அந்த ரெண்டு வருஷத்தில் அஞ்சாம் மேஜைக் குடை ஏதாவது விரியாமல் போனதா என்று. பின்னால் இருந்த நாலு பேரும் ஃபைலைப் புரட்டினார்கள். ஒன்றுகூட இல்லை.

செயலாளர் விடுவாரா? "உச்சியில ஒரு கொக்கி மாட்டிட்டா போதுமே" என்றார்.

"கொக்கிக்குப் பிடிக்கத்தான் தெரியும், விட்டுக்குடுக்கத் தெரியாதுங்க. வீட்டுலயும் அப்படித்தான், ரெண்டு பேரும் இழுத்தா ஆகுமா?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். கொண்டுபோன குடையை விரித்துக் காட்டுகிறேன் என்றேன். அந்த வளைந்த மேஜையில் எப்படி விரிப்பது? தலைவி அம்மா எழுந்தார். "குழு வராந்தாவுக்கு ஒத்திவைக்கப்படுது" என்றார். நிஜமாகவே! அதையும் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நீளமான வராந்தா, சிவப்புக் கம்பளம். நான் உங்கள் இடத்தில் பைப்பக்கம் மண்டிபோட்டேன். செயலாளரை உச்சிப்பக்கம் நிற்கச் சொன்னார் தலைவி அம்மா. கோட்டைக் கழற்றினார் பாவம். "இழுங்க சார். இன்னும். இப்ப விடுங்க. ஐயோ, அவ்வளவு இல்ல! ஆளைக் கொன்னுட்டீங்க." மறுபடி முதலிலிருந்து. வேறு எம்.பி.க்கள் அந்த வழியாக வந்து, கயிற்றைத் தாண்டிக் குதித்துக் குதித்துப் போனார்கள். ஒரு அமைச்சர்கூட வேட்டைக்கு வந்த ஆள் மாதிரி பதுங்கிப் பதுங்கிப் போனார். ஒன்பதாம் துண்டில் செயலாளருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. "ஒரு நிமிஷம் உக்காந்துக்கலாமா?" என்றார்.

"ஏன், சும்மா நிக்கறது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார் தலைவி அம்மா.

வராந்தாவே அதிர்ந்தது. செயலாளரும் சிரித்துவிட்டார், அதைச் சொல்ல வேண்டும், நல்ல மனுஷர். கடைசியில் மீசைக்காரர் வந்து உச்சியை வாங்கிப் பிடித்தார். நாற்பது நிமிஷத்தில் மடித்து முடித்தோம். ஒரு கயிறுகூடப் பின்னவில்லை.

கிளம்பும்போது தலைவி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷமா இன்னொரு கோடு வேணும்னு யாருமே கேக்கலையாம்மா?"

"எனக்குக் கையெழுத்து அசிங்கமா இருக்கும்மா, அதான்" என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் கட்டெறும்பு


வீடு, வாசல்
ஜூன் 27, வியாழன்

என் ஒட்டடைக்குச்சிக்கு,

கொண்டாடுங்கள். குழுவின் அறிக்கை வந்துவிட்டது. இருபத்திரண்டு பேருக்கும் வேலை நிலைத்தது. அமைச்சகமும் ஒப்புக்கொண்டது. அதைவிடப் பெரிய விஷயம், புது அட்டை அச்சடித்து வந்திருக்கிறது. ரெண்டு கோடு! மேலே பைப்பக்கம், கீழே உச்சிப்பக்கம்.

அறிக்கையில் நம் ரெண்டு பேரைப் பற்றியும் ஆளுக்கொரு வரி இருக்கிறது. பயப்படாதீர்கள், பேர் போடவில்லை. உங்கள் வரி இது: 'ஐந்தாம் மேஜையில் பார்வை குன்றிய பணியாளர் ஒருவர் இரண்டாண்டுகள் சான்றொப்பமிட்டது விதிமீறல், கண் பரிசோதனைக்குப் போனால் இடமாற்றம் என்ற அச்சம் பணியாளர்களிடம் நீக்கப்பட வேண்டும்.' என் வரி: 'எதிர்முனைப் பணியாளரின் கவனத்தால் பழுது ஏதும் நேரவில்லை.' மகள் படித்துக் காட்டினாள். உங்கள் வரி என்னைக் குத்தியது. குத்தாமல் இருக்குமா? ஆனால் மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? மறுவாரமே எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கண் பரிசோதித்தார். ஏழு பேருக்குக் கண்ணாடி. ஒருவரையும் மாற்றவில்லை. ரேடியோவுக்கும் கண்ணாடி வந்துவிட்டது. "இத்தனை வருஷமா உங்களையெல்லாம் அழகுன்னு நினைச்சுட்டு இருந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு வாரமாக கேன்டீனில் கையெழுத்துப் பழகுகிறோம். டீ வைக்கிற காகிதம், பிஸ்கெட் உறை, ஒன்றையும் விடவில்லை. ரேடியோவின் கையெழுத்து அட்டையைத் தாண்டி மேஜையில் போய் முடிகிறது. நான் சின்னதாக, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்.

இன்று காலை முதல் புது அட்டை. ஸ்டோர்க்காரர் தும்மாமல் மடித்தார், மேல் கோட்டில் போட்டார். அட்டையை என் பக்கம் நீட்டினார். கூடமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. போட்டேன். கைதட்டினார்கள் பாருங்கள், மேலாளர் ஓடி வந்துவிட்டார், ஏதோ விழுந்துவிட்டது என்று.

அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஷூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டெறும்பு

பி.கு. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தலைவி அம்மாவிடம் சிரித்து மழுப்பினேன், உங்களிடம் மழுப்ப முடியாது. வருஷா வருஷம் அதிகாரிகள் கூட்டத்துக்கு எங்கள் எல்லாருக்காகவும் நீங்கள்தான் போனீர்கள். மின்விசிறி கேட்டு வாங்கினீர்கள். குடிதண்ணீர்க் குழாய் வாங்கினீர்கள். உச்சிப்பக்கத்துக்கு ரப்பர் விரிப்பு வாங்கினீர்கள், கால் வலிக்குது என்று நான் சொன்னதால். கோடு கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை, அதனால் கோபம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அன்றைக்கு அந்த நாற்காலியில் எனக்குப் பதிலாக நீங்கள் உட்கார்ந்திருந்து, "இதை மடிச்சது யாரு?" என்று அவர்கள் கேட்டிருந்தால், என்னையும் சேர்த்துச் சொல்லியிருப்பீர்களா?